ஊர்த்தெரு ஜெராக்ஸ் கடையும் எங்கள் 4,500 ரூபாய் பிரிண்டரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வன்கொடுமைப் புகாரை டைப் செய்ய ஊர்த்தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது அந்த ஒரு கடைதான். கடைக்காரர் பொறுமையாக அடித்துக் கொடுத்தார், மூன்று நகல் எடுத்தார், காசையும் சரியாகத்தான் வாங்கினார். ஆனால் நாங்கள் காவல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் எதிர்த்தரப்பு ஆட்கள் அங்கே வந்து நின்றார்கள். புகாரில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். புகார் கொடுத்த அக்கா அன்றிரவு தன் வீட்டில் படுக்கவில்லை.

முதுகலையில் சமூகவியல் படித்தபோது ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைத் தண்ணீர், கோயில், சுடுகாடு என்று வரிசையாகப் படித்தேன். அந்த வரிசையில் ஜெராக்ஸ் கடை இல்லை.

அடுத்த மாதமே காலனியில் மாலை வகுப்பு நடக்கும் அறைக்கு, பிரிண்ட், ஸ்கேன், நகல் மூன்றும் செய்யும் இங்க்ஜெட் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினோம். இன்றுவரை அதன் முதல் பலன், மனு எங்கள் கையை விட்டு வெளியே போகாததுதான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் விதி 5, காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால் அதை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வழி தருகிறது. அந்த வழியில் போக கையில் நகல் வேண்டும், அதுவும் அன்றைக்கே வேண்டும்.

இரண்டாவது பலன் ஸ்கேனர். போனில் எடுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மடிப்பு விழுந்த பழைய சாதிச் சான்றிதழில் முத்திரையும் கையெழுத்தும் போனில் நிழலடித்துப் போகும். கண்ணாடியில் கவிழ்த்து 300 டிபிஐ-யில் எடுத்தால் எழுத்து தெளிவாக வரும். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அசல் சான்றிதழைக் கடை கடையாகத் தூக்கி அலைய வேண்டியதில்லை.

இனி குறைகள். இதன் விலைதான் குறைவு, மை குறைவில்லை. நாங்கள் வாங்கும் கருப்பு கார்ட்ரிட்ஜ் 700 ரூபாய். அதில் 120 பக்கம் வந்தால் பெரிது. பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 6 ரூபாய். அதே ஜெராக்ஸ் கடையில் 2 ரூபாய்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்தார். எழுத்து யாரிடம் போய்ச் சேரும் என்பதை விலையும் தீர்மானிக்கிறது. முதல் வருடம் கூட்டத்துக்கான துண்டறிக்கையை இதில் 200 அடித்து, இரண்டு மாதத்து மைக்காசைத் தொலைத்தோம். இப்போது துண்டறிக்கை நகரத்து அச்சகத்துக்குப் போகிறது.

இரண்டு வாரம் தொடாமல் விட்டால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். கிளீனிங் கொடுத்தால் அதற்கும் மைதான் செலவாகும். ஒரு ஞாயிறு இரவு, மறுநாள் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கான மனுவை எடுக்கப் போனால், கலர் மை தீர்ந்துவிட்டது என்று மெஷின் நின்றுவிட்டது. எங்களுக்கு வேண்டியது கருப்பு மட்டும்தான், அதற்கும் மறுத்தது. விடிய விடியக் கையால் எழுதினோம். இன்னொரு முறை மழையில் நனைந்த மனுவில் பாதி எழுத்து கரைந்து, பதினேழு பேர் கைநாட்டை மறுபடி வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே, வாங்குவதற்கு முன் மாதம் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். முப்பது, நாற்பது பக்கமும் நிறைய ஸ்கேனும் என்றால் இந்த மலிவு மெஷின் போதும். நூறைத் தாண்டினால் கூடுதலாகக் காசு சேர்த்து இங்க் டேங்க் வாங்குங்கள், பக்கச் செலவு பைசாக் கணக்குக்கு இறங்கும். எழுத்து மட்டும்தான் என்றால் லேசர் நல்லது, நனைந்தாலும் எழுத்து கரையாது. எதுவானாலும் இங்க்ஜெட்டில் வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள், ஒரு கார்ட்ரிட்ஜைக் கைவசம் வையுங்கள், மனுவைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போடுங்கள். புகாரின் ஸ்கேன் கோப்பைப் பொதுக் கணினியில் விட்டுவைக்காதீர்கள்.

அந்த அக்கா இப்போதும் மகளின் படிப்பு வேலையாக வருவார். மெஷினிலிருந்து தாள் முழுதாக வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். வந்ததும் தானே எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொள்வார்.