கை தொடங்கும் இடம்

கை எங்கே தொடங்குகிறது? மறைக்கல்வி வகுப்புச் சிறுவரைக் கேட்டாலும், ஊன்றுகோலுடன் வரும் முதியவரைக் கேட்டாலும், தோளில் விரலை வைத்து 'இங்கே' என்றே காட்டுவர். உடற்கூற்று நூலோ வேறு விடை தருகிறது. தோள்பட்டை எலும்பு முதுகுப்புறத்து விலா எலும்புகளின்மேல் தசைகளால் தாங்கப்பட்டு, ஏறக்குறைய மிதந்துகொண்டிருக்கிறது. அதனை உடற்கூட்டோடு எலும்பு வழியே பிணைக்கும் மூட்டு ஒன்றே ஒன்றுதான்: காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம். கழுத்துக் குழியின் அருகே விரலை வைத்துத் தோளை உயர்த்திப் பார்ப்பவர் அம்மூட்டு அசைவதை உணரலாம். எனவே, கை நெஞ்சில் தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் அறிய நம்மைத் தூண்டியது நம் இடத்தோள். ஐம்பதைக் கடந்து, நீரிழிவும் உடன் சேர்ந்த பிறகு, அத்தோள் சிறிது சிறிதாக இறுகியது. திருப்பலியில் கைகளை விரித்து மன்றாடும் வேளையில் வலக்கை விரிய, இடக்கை விலாவோடு ஒட்டி நிற்கும். "கைக்கு என்ன சாமி?" என்று கேட்காத வீடு இல்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் இந்நோயை 'உறைந்த தோள்' என்று குறித்தார். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதே இதன் இயல்பு. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரை, அவருள்ளும் நீரிழிவு உள்ளவரை, இது மிகுதியாகப் பற்றுகிறது. கையை வெளிப்புறமாகத் திருப்பும் ஆற்றலே முதலில் குறையும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே தளர்ந்துவிடும் என்றாலும், அதுவரை சட்டை மாட்டுவதும் ஒரு தவமே.

தாம்பரத்தைச் சூழ்ந்த நம் பங்கில், நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாள்களில் நாம் கண்ட காட்சியும் இதனோடு சேர்ந்துகொண்டது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்து படுத்திருக்கும் கணவர். அவர் அருகே எண்ணெய்க் கிண்ணத்துடன் மனைவி. இத்தகைய வீடுகள் ஒன்றிரண்டல்ல. அன்புக்கு அங்கே குறைவில்லை. எங்கே தொடுவது, எப்படித் தொடுவது என்று சொல்லித் தருவார்தான் இல்லை. ஆகவே, ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரை அணுகினோம். அந்த அம்மையார் மனமுவந்து சனிக்கிழமை மாலைகளில் பங்கு மன்றத்தில் வகுப்பெடுத்தார். நோயாளரைப் பேணுவோர், உடல்பிடிக்கும் தொழில் கற்கும் இளைஞர் சிலர், பழைய முறையில் எண்ணெய் தேய்த்துப் பழகிய முதியவர் ஒருவர் எனப் பதினைந்து பேர் வந்தனர். நாமும் பின் இருக்கையில் அமர்ந்தோம்.

முதல் வகுப்பில் அம்மையார் ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஒரு தேக்கரண்டியையும் எடுத்து வந்தார். கரண்டியின் ஆழமற்ற குழியில் பழத்தை நிறுத்தி, "இதுதான் உங்கள் தோள்மூட்டு" என்றார். இடுப்பெலும்பின் கிண்ணம் ஆழமானது. தொடையெலும்பின் தலை அதனுள் நன்கு அமர்ந்திருக்கும். தோளிலோ, மேற்கை எலும்பின் தலையில் ஒரு சிறு பகுதியே குழியைத் தொடுகிறது. அதனால்தான் நம் கை வானை நோக்கியும் மண்ணை நோக்கியும் முதுகுப்புறமாகவும் செல்ல முடிகிறது. அதனால்தான் எளிதில் நழுவியும் விடுகிறது. இவ்வளவு உரிமை வேண்டுமாயின் இவ்வளவு இடரையும் ஏற்றாக வேண்டும்.

பழம் விழாமல் காப்பவை நான்கு சிறு தசைகள். மூன்று தோள்பட்டையின் பின்புறமும் மேற்புறமும் இருந்து வருகின்றன. ஒன்று அதன் முன்புறம், விலாவை நோக்கிய பக்கத்திலிருந்து வருகிறது. நான்கும் எலும்பின் தலையைச் சட்டைக் கையின் பட்டிபோலச் சூழ்ந்து குழியோடு அணைக்கின்றன. வெளியே பருத்துத் தெரியும் முக்கோணத் தசையாகிய டெல்டாயிடு கையை உயர்த்தும்போது, இந்நால்வரும் தலையை உள்ளே இழுத்துப் பிடிக்காவிட்டால், அது மேலே ஏறி எலும்புக் கூரையில் இடிக்கும். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்தொடர் வண்டியில் கைப்பிடியைப் பற்றி நின்றபடி வரும் நம் மக்களின் தோளில், ஒவ்வொரு நாளும் இப்பணி ஓசையின்றி நடைபெறுகிறது.

கையை முழுதும் தலைக்குமேல் உயர்த்தும் 180 பாகையில், ஏறத்தாழ 120 பாகையே தோள்மூட்டில் நிகழ்கிறது. எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாவின்மேல் சுழல்வதால் கிடைக்கிறது. எனவே தோளைப் பிடித்துவிட வருகிறவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் தோளன்று, முதுகுப்புறம் என்றார் அம்மையார். தோள்பட்டை அசையாதிருக்கக் கையை மட்டும் வலிந்து உயர்த்தினால், இடையில் உள்ள மெல்லிய தசைநாண்கள் நசுங்கும்.

முழங்கையின் பாடம் வேறு வகையானது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மடக்குவதற்கு முன்புறத்து இருதலைத் தசையும், அதன் அடியில் மறைந்து பெரும்பணி செய்யும் பிராக்கியாலிசும் சுருங்க வேண்டும். நீட்டுவதற்குப் பின்புறத்து முத்தலைத் தசை சுருங்க வேண்டும். ஒன்று சுருங்கும்போது மற்றொன்று இளகிக்கொடுக்கிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் நம் பக்கத்துப் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியைச் செதுக்கிய கையும், இவ்விரு தசைகளின் விட்டுக்கொடுத்தலால்தான் ஓங்கியது, அடித்தது. இருதலைத் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. வாங்குவதற்கு நீளும் கையை விரித்துக் காட்டுவது அதுவே.

அழுத்தக் கூடாத இடங்களையும் அம்மையார் குறித்துத் தந்தார். முழங்கையின் உட்புறத்து எலும்பு முனைக்குப் பின்னால் அல்னா நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீர் என்பது இதனால்தான். முழங்கை மடிப்பின் முன்புறத்திலும் அக்குளிலும் பெரிய தமனியும் நரம்புகளும் செல்கின்றன. குழந்தைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்குவதும், 'வா' என்று வெடுக்கென இழுப்பதும் ஆகா. ஆரை எலும்பின் சிறு தலை அதனைச் சூழ்ந்த நார்வளையத்திலிருந்து நழுவிவிடும்.

முதியவருக்கு இவை முற்றிலும் புதியனவாகத் தோன்றவில்லை. சித்த மருத்துவம் தொக்கணம் என்னும் பெயரால் இக்கலையைப் போற்றி வந்துள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பதாகப் பகுத்துரைப்பர். 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் தாம்பரம் சானடோரியத்திலேயே உள்ளது. அதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கி நிற்கிறது. "ஒன்பதும் எல்லார்க்கும் அல்ல; எவர்க்கு எது என்று அறிவதே வைத்தியம்" என்று முதியவர் சொன்னபோது, அம்மையார் தம் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டார்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண்மணி எழுந்தார். அவர் கணவர் பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மையார் அப்போது, தசைகள் தளர்ந்த தோளில் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும் என்றும், எலும்புக் கூரையின் அடியில் விரல் நுழையும் அளவு பள்ளம் விழும் என்றும், அந்நிலையில் கையைப் பற்றி நோயாளரைத் தூக்கினால் எஞ்சிய நார்களும் கிழியக்கூடும் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவர எழுப்புறதுக்கு வேற எதம்மா பிடிக்கிறது?" என்று அப்பெண்மணி கேட்டார்.

"முதுகுக்குப் பின்னால, தோள்பட்டைக்குக் கீழ உங்க கையக் கொடுங்க. இழுக்காதீங்க, தாங்குங்க. உட்கார வச்சா முழங்கைக்குக் கீழ தலையணை இருக்கணும்."

சற்று நேரம் பேசாதிருந்த அப்பெண்மணி, "அப்ப இந்த நாலு மாசமா அவரு முனகினது அதுக்குத்தானா?" என்றார்.

மன்றத்தில் எவரும் விடை சொல்லவில்லை. அம்மையார் அவரை அருகே அழைத்து, அவர் கையைத் தம் தோள்பட்டை எலும்பின்மேல் வைத்து, அதன் ஓரத்தை விரலால் தேடச் செய்தார். பாடம் அங்கிருந்து தொடர்ந்தது. அடுத்த மாதம் நாம் அவ்வீட்டுக்கு நற்கருணையுடன் சென்றபோது, நோயாளரின் முழங்கை ஒரு தலையணைமேல் இருந்தது. கை செயல்படவில்லை, தோள் பழைய நிலைக்கு முழுதும் திரும்பவுமில்லை. ஆனால் இரவில் உறங்குகிறார் என்று மனைவி சொன்னார்.

குருமடத்தில் நாம் உடலைப் பற்றி நிறையவே பயின்றோம். ஆன்மாவே உடலின் வடிவம் என்ற புனித தோமா அக்குவினாரின் போதனையும், உடலின் உயிர்ப்பும் நமக்குத் தேர்வுப் பாடங்கள். அக்கல்வி நம் பணிக்கு அடித்தளமாக இன்றும் நிற்கிறது. எனினும், உயிர்க்கப்போகும் அவ்வுடலை இன்று காலை படுக்கையிலிருந்து எங்கே பிடித்து எழுப்புவது என்ற வினா, ஒரு மனைவியின் வாயிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பரிவுக்கும் ஓர் உடற்கூறு உண்டு. அதைக் கற்காத பரிவு, தான் நேசிப்பவரையே நோகச் செய்துவிடக்கூடும்.

விடுதலைப் பயண நூலின் பதினேழாம் அதிகாரத்தில், மோசேயின் உயர்த்திய கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் செய்ததை எண்ணிப் பார்க்கிறோம். முதலில் அவர் அமர்வதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்தனர். பிறகு இருபுறமும் நின்று, கதிரவன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கினர். நம் முன்னோரும் பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கற்களை எழுப்பினர். பிறர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கி வைக்கத் தக்க உயரத்தில் அவை நின்றன. எந்த உயரத்தில் தாங்கினால் மற்றவருக்கு எளிது என்று பார்த்தே அவற்றை நாட்டினர்.

நம் இல்லங்களில் நோயுற்ற ஒருவரைப் பேணும் அன்பர்கள், நாளைக் காலை எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் அவர் முதுகுப்புறம் கைவைத்து, தோள்பட்டை எலும்பின் ஓரத்தை விரலால் தேடிப் பாருங்கள். அது அசைகிறதா என்று பொறுமையாய் உணருங்கள். அதன்பின் கைக்கு வாருங்கள்.