சுவருக்குள் நிற்கும் மரம்

கனடாவில் ஒரு வீடு எழும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளியே தெரியும் செங்கல் அழகுக்கும் மழைக்கும், வீட்டின் பாரத்தைத் தாங்குவது மரம். அடித்தளக் கான்கிரீட் இறுகியதும் வெளிர்மஞ்சள் கட்டைகள் லாரியில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அவற்றை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்து ஆணியடித்து, சுவரின் சட்டத்தைத் தரையிலேயே பூட்டித் தூக்கி நிறுத்துவார்கள். இடைவெளியில் குளிர் தாங்கும் பஞ்சைத் திணித்து, உட்பக்கம் ஜிப்சம் பலகை அறைந்து வண்ணம் பூசிவிட்டால் கட்டை கண்ணிலிருந்து மறைந்துவிடும். வீடு இடிபடும் நாள்வரை யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டையில்தான் நான் கிண்ணம் கடைகிறேன்.

டொராண்டோவில் எல்லோரும் அதை டூ பை ஃபோர் என்பார்கள். பெயரில் இரண்டும் நான்கும் இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். உலர்ந்து சுருங்கி, நான்கு பக்கமும் இழைத்த பிறகு மிஞ்சும் அளவு. எட்டடிக் கட்டையின் விலை சில டாலர்தான். அதன் மேல் கறுப்பு மையில் ஒரு முத்திரை இருக்கும். எஸ்-பி-எஃப் என்றால் ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் என்ற மூன்றில் ஏதோ ஒன்று. எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை வியாபாரத்துக்கு இல்லை. சுவருக்குள் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கே-டி என்றால் சூளையில் உலர்த்தியது. ஹெச்-டி என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடமாவது நின்றிருக்கிறது. உள்ளே பூச்சியோ புழுவோ இருந்தால் செத்திருக்கும்.

சிறு துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லேத்தில் ஏற்றிக் கடையும் கலை வட அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. 1986-இல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூடல்களில் ஆயிரக்கணக்கான துண்டுகள் சேர்ந்த பாத்திரங்களைக்கூடக் காணலாம். வெள்ளை மேப்பிள், பழுப்பு வால்நட், ஊதா நிறப் பர்ப்பிள்ஹார்ட், ஆப்பிரிக்காவின் கருமையான வெங்கே என்று நிறத்துக்கு ஒரு மரம் எடுத்துக் கோலம் போடுகிறார்கள். அவர்களுடைய கைத்திறன் முன்னால் நான் மனமாரத் தலைவணங்குகிறேன். ஆனால் பல நிறங்கள் சேரும்போது கண் கோலத்தோடு நின்றுவிடுகிறது. மரத்தின் ரேகையை இரண்டாவதாகத்தான் பார்க்கிறது. ஒரே நிறக் கட்டையில் கடையும்போது ரேகை ஒன்றுதான் அலங்காரம். மரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

படிப்பு மரக்கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கட்டையின் பக்கவாட்டைவிட அதன் முனைதான் அதிகம் பேசும். மரத்தின் நட்டநடு மையம் உள்ளே வந்திருக்கும் கட்டை காயும்போது வெடிக்கும். அதைத் தள்ளிவைக்க வேண்டும். ஆண்டு வளையங்கள் நெருக்கமாக, முனைக்கு முனை ஒரே சீராக ஓடும் கட்டை அமைந்தால் விடக்கூடாது. ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் வடபகுதிக் காடுகளில் வளரும் கறுப்பு ஸ்ப்ரூஸ் இந்தக் கட்டுகளில் நிறைய வரும். அங்கே கோடை குறுகியது; மரம் ஆண்டுக்கு ஒரு மெல்லிய கோடு அளவுதான் பருக்கும். அப்படி ஒரு கட்டையின் முனையைக் கூரான உளியால் சீவி, ஈரத்துணியால் துடைத்து, லென்ஸ் வைத்து எண்ணினேன். ஒன்றரை அங்குலத்துக்குள் 60-க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. வெளிறிய அகலப் பட்டை வசந்தத்தில் விறுவிறுவென்று வளர்ந்தது. அதை ஒட்டிய மெல்லிய தவிட்டு நிறக் கோடு கோடை முடிவில் நிதானமாக இறுகியது. அறுபது கோடை, அறுபது பனிக்காலத்தைக் கண்டு நின்ற ஒரு மரத்தைச் சில டாலருக்கு வாங்கித் தோளில் வைத்து வருகிறோம். அந்த எண்ணிக்கைக்குப் பிறகு இதை மட்டமான மரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையிலிருந்து வந்த கட்டையை உடனே வெட்டலாகாது. சூளைக் கட்டை என்றால் ஈரம் 19 சதவீதத்துக்கு மிகாது என்பதுதான் முத்திரையின் உறுதி. சுவருக்கு அது போதும், கிண்ணத்துக்குப் போதாது. இங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும் பனிக்காலத்தில் மரத்தின் ஈரம் சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கோடையில் 10 சதவீதத்தை ஒட்டி ஏறும். எனவே கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இடைவெளி விட்டு அடுக்கி, மனிதர் புழங்கும் அறையிலேயே வைத்து அவ்வப்போது எடை போட்டுப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால் மரம் வீட்டோடு பழகிவிட்டது என்று பொருள். அதற்குள் சில கட்டைகள் வில்லாக வளையும், சில முறுக்கிக்கொள்ளும். வளைய வேண்டியது ஒட்டுவதற்கு முன்பே வளைந்துவிடுவது நல்லது. பிறகு இழைத்து நேராக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு காத்திருப்புக்கும் காரணம் மரம் சுருங்கும் விதம். பச்சையிலிருந்து முழுதும் உலரும்போது கறுப்பு ஸ்ப்ரூஸ் வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 7 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதம்தான். ஒரே கட்டையைக் குடைந்து செய்த கிண்ணம் நாளடைவில் கோணலாவது இதனால்தான்: ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் அசையாது. துண்டுகளை வளையமாக ஒட்டும்போது நார் கிண்ணத்தைச் சுற்றியே ஓடுகிறது. சுற்றளவு முழுவதும் நீளவாக்கு. அதனால் கிண்ணத்தின் வாய் வட்டம் மாறாமல் நிற்கும். சுவரின் தடிமனும் உயரமும் மட்டும் ஒரு மயிரிழை கூடிக் குறையும். அதில் யாருக்கும் கேடில்லை. மரத்தின் குணத்தை யாரும் மாற்றவில்லை. அது அசைய விரும்பும் திசையை, அசைந்தாலும் பாதகமில்லாத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறோம். கூட்டுக் கிண்ணத்தின் சூட்சுமம் எல்லாம் இதில் அடங்கிவிடுகிறது.

இனி கணக்கு. 12 துண்டு வளையத்தில் ஒவ்வொரு துண்டும் 30 பாகை. அதன் இரு முனைகளையும் 15 பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். வளையத்தின் விட்டம் 10 அங்குலம் என்றால் துண்டின் வெளிப்பக்க நீளம் 2.68 அங்குலம். கணுக்களை ஒதுக்கிய பிறகும் ஒரே எட்டடிக் கட்டையில் நான்கு வளையங்கள் தேறும். ஒரு கிண்ணத்தின் சுவருக்கு அது தாராளம். ஆனால் ஒரு வெட்டில் பாகையின் பத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும். 24 வெட்டுகளிலும் அது சேர்ந்து 2.4 பாகையாகி, கடைசி இணைப்பின் வெளிவிளிம்பில் 5 மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. வளையத்தை ஒரே மூச்சில் ஒட்டாமல், ஆறு ஆறு துண்டாக இரண்டு அரைவளையங்களாக ஒட்டுவது. அவை இறுகிய பின், தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் இரு முனைகளையும் சேர்த்தே தேய்த்து நேராக்கினால், சேர்ந்து வந்த பிசகு முழுதும் அங்கே கரைந்துவிடும். இரண்டு அரைகளையும் பொருத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். இணைப்பில் வெளிச்சக் கீற்று தெரியாவிட்டால்தான் பசையை எடுப்பது.

மரத்தின் முனை குழாய்க் கொத்து, பசையைக் குடித்துவிடும். அதனால் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, அது இழுத்துக்கொண்டதும் மறு பூச்சு. அப்படியும் முனையோடு முனை ஒட்டுவது பலவீனமான இணைப்புதான். அந்தப் பலவீனத்தை அடுக்குமுறை ஈடுகட்டுகிறது. கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ் வளையத்தின் இணைப்புக்கு நேர் மேலே மேல் துண்டின் நடுப்பகுதி வரும்படி அடுக்கினால், ஒவ்வொரு இணைப்பையும் மேலும் கீழும் முழு மரம் பற்றிக்கொள்ளும். அடித்தட்டுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஆறு அங்குல அகலத் தட்டு, ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் அகலத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். அசையாத வளையத்துக்குள் அதை இறுக்கி ஒட்டினால் ஒன்று தட்டு வெடிக்கும், அல்லது வளையம் வாய் திறக்கும். வளையத்தின் உட்பக்கம் பள்ளம் எடுத்து, தட்டைப் பசையின்றி அதற்குள் மிதக்க விடுவதே சரி. கதவுச் சட்டத்துக்குள் பலகையை ஒட்டாமல் விடும் தச்சர்களுக்குப் பழகிய அதே நியாயம்தான் இது.

பசை ஒரு முழு நாள் இறுகிய பிறகே லேத்தில் ஏற்றுவேன். முகத்துக்கு முழுக் கவசம், மூக்குக்குத் தூசிக்காப்பு, தொடக்கத்தில் நிமிடத்துக்கு 600 சுற்று. முதலில் பன்னிரண்டு மூலைகளும் உளியில் டக் டக்கென்று தட்டும். மூலை கரையக் கரையத் தட்டல் அடங்கி, சீவல் நீளமாகச் சுருண்டு விழத் தொடங்கும். கராஜ் முழுவதும் பிசின் மணம் எழும். ஒரே கட்டைக் கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை உளி நாரின் வெட்டுமுனையைச் சந்திக்கும். பெயர்ந்து பிய்வது அங்கேதான். வளையக் கிண்ணத்தில் நாரும் வெட்டும் சந்திக்கும் கோணம் எங்கும் 15 பாகையைத் தாண்டுவதில்லை. மெத்தென்ற மரமும் அதனால்தான் சுத்தமாக வெட்டுப்படுகிறது, உளி கூராக இருந்தால்.

ரேகை என்ன கோலம் போட வேண்டும் என்பதும் துண்டு வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. ஆண்டு வளையங்கள் படுத்திருக்கும்படி துண்டை வைத்தால் கிண்ணத்தைச் சுற்றி மெல்லிய கிடைக்கோடுகள் ஓடும். வளையங்கள் நின்றிருக்கும்படி வைத்தால், சுவரைப் புடைப்பாகக் கடையும்போது ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள் திறந்துகொள்ளும். சுற்றிவர அப்படிப் பன்னிரண்டு. வேறு மரம் சேர்க்காமல், சாயம் தொடாமல், அறுபது ஆண்டு வளர்ச்சியே சித்திரமாக வந்து நிற்கும்.

கடைசிச் சோதனை உப்புத்தாளில். வசந்தப் பட்டை மெத்தென்றது, கோடைக்கோடு கெட்டியானது. அழுத்தித் தேய்த்தால் தாள் மெத்தென்றதைத் தின்றுவிட்டுக் கெட்டியை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும். எனவே மெல்லிய அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து நாரை விறைப்பாக்கி, புதுத் தாளால், பூப்போல் தேய்க்க வேண்டும். மேப்பிள் கொஞ்சம் பொறுத்துப்போகும், ஸ்ப்ரூஸ் பொறுக்காது. கைக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுப்பதில் அதற்கு இணை இல்லை.

ஸ்கார்பரோவில் வீட்டுச் சட்டம் அடிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அப்படி முடித்த ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தார். விரல் நகத்தால் ரேகையைத் தொட்டுப் பார்த்தார். “அண்ணை, இது நாங்கள் சுவருக்குள்ள நிப்பாட்டுற கட்டையோ?” என்றார். ஆமென்றேன். “நாள் முழுக்க இதைத்தான் தூக்கிறன். உள்ளுக்க இப்படி இருக்கெண்டு ஒருக்காலும் பாக்கேல்லை” என்றார். பிறகு கிண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டி, எந்த இணைப்பில் அரைவளையங்கள் சேர்ந்திருக்கின்றன என்று தேட ஆரம்பித்துவிட்டார். வேலை தெரிந்தவர் வேலைக்குச் செய்யும் மரியாதை அது.

கிண்ணம் நாள்பட நாள்பட வெளிச்சம் குடித்துத் தேன் நிறத்துக்கு மாறும். ஆரஞ்சும் வாதுமையும் போட்டு வைக்கலாம், குழம்புக்கு ஆகாது. விலைக்கு வைத்தால் மேப்பிள், வால்நட் கிண்ணங்களோடு போட்டி போடாது. அதனால் இதில் செலவழிக்கும் நேரம் வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மரத்தின் விலையை நிர்ணயிப்பது அதன் அருமை. கிண்ணத்தின் தரத்தை நிர்ணயிப்பது நாம் அந்த மரத்தை எவ்வளவு அறிந்து, எந்தத் திசையில் வைத்தோம் என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மரம் கிடைக்கட்டும், தொடங்கலாம் என்று பலர் காலத்தைக் கடத்துகிறார்கள்.

கடைசல் கற்க வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு டூ பை ஃபோர் வாங்கி, முதலில் அதன் முனையைச் சீவிப் பாருங்கள். வளையம் எந்தப் பக்கம் வளைகிறது, கணு எங்கே நாரைத் திருப்புகிறது, காய்ந்தால் எப்படிக் கோணும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியும்வரை அந்தக் கட்டையிலேயே கடையுங்கள். அதன்பின் வால்நட்டைத் தொட்டால் அந்த மரத்துக்கும் மரியாதை, கொடுத்த காசுக்கும் மரியாதை.