ஏழு யூனிட் மர்மம்

கிழக்கு டெல்லி லட்சுமி நகரில் இரண்டு அறை வீடு. ஓய்வு பெற்ற குமாஸ்தாவான தந்தை தினமும் காலை டீ குடித்த கையோடு மாடிப்படிக்கு அடியிலுள்ள மின்சார மீட்டரைப் பார்த்து, எண்ணை டயரியில் குறித்துக்கொள்வார். 2019 ஆகஸ்டில் டெல்லி அரசு அறிவித்த சலுகை அவருக்கு வேதவாக்கு: மாதம் 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. 201ஐத் தொட்டால் பாதிக் கட்டணம், அதுவும் மொத்த யூனிட்டுக்கும். அவர் வீட்டுக் கணக்கு வழக்கமாக 194இல் நிற்கும்.

2023இல் ஒரு மாதம் அது 207 ஆயிற்று. ஏழு யூனிட் எல்லை தாண்டியதற்கு தண்டனை சில நூறு ரூபாய்.

முதலில் சந்தேகம் ஃபிரிட்ஜ் மேல் விழுந்தது. பிறகு மீட்டர் மேல். உண்மையான குற்றவாளி உள்ளறையில் உறுமிக்கொண்டிருந்தது: மகனின் கம்ப்யூட்டர்.

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கும் மகனுக்கு வேகம்தான் மூலதனம். நேரு பிளேஸில் வாங்கிய பிராசஸரின் வேகத்தை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6க்கு ஏற்றியிருந்தான். சிப் தடுமாறியது. 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினான். தடுமாற்றம் நின்றது. ஆறு மணி நேர வேலை ஐந்தே கால் மணியில் முடிந்தது. மிச்சமான நேரத்துக்கும் ஆர்டர் பிடித்தான்.

ஓவர்கிளாக்கிங் என்ற இந்த வித்தைக்கு வயது அதிகம். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள், பெரும்பாலும் வோல்டேஜைத் தொடாமலேயே. வேகம் மட்டும் ஏறினால் மின்செலவும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் ஏறும். வோல்டேஜ் அப்படியல்ல. அது வர்க்கக் கணக்கு.

"பேட்டா, எதை மாற்றினாய்?" என்று தந்தை கேட்டார். மகன் மழுப்பவில்லை. டயரியின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டான். வேகம் 1.15 மடங்கு. வோல்டேஜ் 1.125 மடங்கு, அதன் வர்க்கம் 1.27. இரண்டையும் பெருக்கினால் 1.46. அதாவது, 15 சதவீத வேகத்துக்கு 46 சதவீதக் கூடுதல் மின்சாரம். 100 வாட் குடித்த சிப் இப்போது 146 வாட் குடிக்கிறது. பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 54 வாட் அதிகம். தினம் எட்டு மணி நேரம், 30 நாள்: 13 யூனிட்.

194உடன் 13. தந்தை கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு சரி. சம்பாதித்தாயா?"

சம்பாதித்திருந்தான், பில்லைவிட அதிகமாகவே. ஆனால் கல்யாண சீசன் முடிந்துவிட்டது. வேகத்துக்கு இனி வேலை இல்லை. செலவுக்கு மட்டும் ஓய்வில்லை.

அன்றிரவு மகன் எதிர்த்திசையில் போனான். வேகத்தை 4க்கு இறக்கி, வோல்டேஜை 1.1 ஆகக் குறைத்து, இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தான். ஹேங் ஆகவில்லை. அதே வர்க்கக் கணக்கு இப்போது அவன் பக்கம்: சிப்பின் செலவு பழைய அளவைவிட 16 சதவீதம் குறைவு.

அடுத்த மாதம் டயரியில் 190. தந்தை அதன் கீழே ஒரு கோடு போட்டார். கூடவே எழுதினார்: 'அடுத்த சீசனுக்கு முன் என்னிடம் சொல்லவும்.'