மண் தூவும் வித்தை

ஒருவர் மற்றவரைத் தாக்கி வீழ்த்துவதையே இலட்சியமாகக் கொண்ட ஓர் ஆட்டத்தில், எதிரியின் உடம்பில் ஒரு கீறல்கூட விழச் செய்யாத பிரயோகம் ஒன்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறதென்றால், அதனுள்ளே ஏதோ ஒரு சூக்ஷ்மம் இருந்தே தீரவேண்டும். போக்கிமான் ஆட்டத்தில் ‘சாண்ட் அட்டாக்’ என்று வழங்குவது அத்தகைய பிரயோகம். சதோஷி தஜிரியின் கற்பனையில் உருவாகி, 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த முதல் ஆட்டங்களிலேயே அது இடம்பெற்றுவிட்டது. பிட்ஜி என்னும் சிறு பறவை ஐந்தாம் லெவலை எட்டியதும் அதைக் கற்றுக்கொள்ளும். பறவை மண்ணை வாரி எதிரியின் கண்ணில் தூவுகிறது. எதிரிக்கு வலியும் இல்லை, சேதமும் இல்லை. ஆனால் அதுமுதல் அதன் அடிகள் குறி தப்பக்கூடியவை ஆகிவிடுகின்றன.

கோயம்புத்தூரில் இவ்வாட்டத்தை நெடுங்காலமாக ஆடியும், பீளமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில், இந்தப் பிரயோகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத எனக்கு ஆசை. 2016 டிசம்பரில் போக்கிமான் கோ நம் தேசத்தில் முறைப்படி வெளியான பிறகு, ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நடந்தவர்களைப் பலரும் பார்த்திருக்கலாம். அது வேறு விளையாட்டு. அதன் போர் விரலின் வேகத்தைச் சார்ந்தது. நான் பேசுவது, இரு தரப்பினரும் ஒவ்வொரு முறைக்கும் ஆலோசித்து, ஒரே சமயத்தில் தங்கள் ஆணையைத் தெரிவிக்கும் மூல ஆட்டத்தைப் பற்றி.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரயோகத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்துவரும் ஆடி மாதத்து மேல்காற்று பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையே காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுச் செம்மண்ணை வாரியடிக்கும்போது, கண்ணைத் திறக்க முடியாமல் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர்கள் அவர்கள். கண்ணில் விழுந்த ஒரு துளி மண் எப்பேர்ப்பட்ட பலசாலியையும் நிறுத்திவிடும் என்பது அவர்களுக்குப் பிரத்தியக்ஷ அநுபவம். ஆனால் ஆட்டத்தில் மண் இலவசமாகக் கிடைப்பதில்லை; அதற்கு விலை ஒரு முழு முறை. அந்த ஒரு முறையில் நாம் அடித்திருக்கலாம், காயத்தை ஆற்றியிருக்கலாம், வேறு வீரனை இறக்கியிருக்கலாம். ஆகவே இந்த வித்தையைப் பழகுவது என்பது, அந்த விலைக்கு என்ன பண்டம் கிடைக்கிறதென்று எண்ணிப் பார்க்கப் பழகுவதேயாகும்.

கணக்கு எளியது. முதல் தலைமுறை ஆட்டங்களில் ஒரு தடவை மண் தூவினால் எதிரியின் குறி மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. அடுத்த தலைமுறையிலிருந்து அது நான்கில் மூன்று பங்காக மாற்றப்பட்டது. இன்று ஒரு தடவைக்கு நூற்றுக்கு 75, இரண்டுக்கு 60, மூன்றுக்கு 50 என்று இறங்கி, ஆறாவது தடவையில் 33 என்ற எல்லையில் நின்றுவிடும். இந்த எண்களைப் பார்க்கிறவர்கள், முதல் தடவையில் இருபத்தைந்து குறைகிறது, இரண்டாவதில் பதினைந்துதான் குறைகிறது, ஆகையால் பிரயோகத்தின் பலன் தேய்ந்துகொண்டே போகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. குறி தப்பாத அடிகள் மூன்று பட்டால் விழக்கூடிய நம் வீரன், ஒரு தடவை மண் தூவியபின் சராசரியாக நான்கு முறை நிற்பான். இரண்டு தடவை தூவியபின் ஐந்து முறை, மூன்று தடவைக்கு ஆறு முறை. சதவீதம் எப்படி இறங்கினாலும், ஒவ்வொரு பிடி மண்ணும் நமக்கு வாங்கித் தருவது, மிச்சமிருக்கும் தாங்கும் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான்.

இதிலிருந்து விதி தானாகவே பிறக்கிறது. மூன்று அடியில் விழுகிறவன் மண் தூவினால், கொடுத்த முறை ஒன்று, பெற்ற முறையும் ஒன்று. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூன்றுக்கு மேல் தாங்குகிறவனுக்கு லாபம். அதற்குக் குறைந்தவனுக்கு நஷ்டம். எதிரி நம்மைவிட வேகமானவன் என்றால், நாம் மண்ணை எடுப்பதற்கு முன்பே ஒரு முழு அடி விழுந்துவிடுமாதலால், மூன்று என்ற எல்லை நான்காகிவிடும்.

என்னிடம் வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அம்ப்ரியான் என்னும் தன் போக்கிமானை வேகம் மிகுந்த எதிரிக்கு முன்னே நிறுத்தியிருந்தான். எதிரியின் ஒவ்வோர் அடியும் அதன் முழு உயிர்வலுவில் ஆறில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டிருந்தது, சரிபாதி போய்விட்டது.

“ண்ணா, மூணு தடவை மண்ணைத் தூவிட்டா அவனால அடிக்கவே முடியாதுங்ணா!” என்றான், பொத்தானின் மேல் விரலை வைத்தபடியே.

“இரு கண்ணு. உன்ற அம்ப்ரியான் இன்னும் எத்தனை அடியில விழும்னு மொதல்ல எண்ணிப் பாரு.”

“மூணுங்ணா.”

“அவன் உன்னைவிட வேகம். மூணு பத்துமா?”

சற்று நேரம் திரையைப் பார்த்தான். பிறகு, வலுவை மீட்கும் ‘மூன்லைட்’ பிரயோகத்தை அழுத்தினான். எதிரியின் அடி ஒன்று விழுந்து, பாதி வலு திரும்பி வந்து சேர்ந்ததும், அம்ப்ரியான் ஐந்து அடி தாங்கும் நிலைக்கு உயர்ந்தது. இப்போது மண்ணுக்கு மதிப்பு வந்துவிட்டது. அதே மண், அதே எதிரி. ஒரு முறை முன்னதாகப் போட்டிருந்தால் நஷ்டம், ஒரு முறை பொறுத்துப் போட்டதனால் லாபம். இந்தப் பொறுமையைத்தான் நான் இந்த ஆட்டத்தின் சாமர்த்தியம் என்று மதிக்கிறேன்.

அவன் மண்ணைத் தூவியதும், எதிராளி தன் வீரனைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறொன்றை இறக்கினான். பையனின் முகம் வாடிவிட்டது. ஏனெனில் களத்தை விட்டு வெளியேறிய மாத்திரத்தில் மண்ணெல்லாம் உதிர்ந்து, மறுபடி வரும்போது குறி பழையபடியே இருக்கும். ஆனால் என் அபிப்பிராயத்தில் அந்தப் பின்வாங்கல்தான் உண்மையான பலன். குறி தப்புவது அதிருஷ்டத்தின் கையில் இருக்கிறது. பின்வாங்குவதோ எதிராளியின் சொந்தத் தீர்மானம், அந்தத் தீர்மானத்துக்கு அவனை நிர்ப்பந்தித்தவர்கள் நாம். முன்கூட்டியே ஸ்கார்மரி என்னும் நம் மற்றொரு வீரன் தரையில் முட்களைப் பரப்பி வைத்திருந்தால், பறவாதவை உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் காயப்படும். எதிரியின் கண்ணில் மண், காலடியில் முள்: நின்றாலும் பாதகம், போனாலும் பாதகம். அடிக்காத பிரயோகம் இவ்விதமாக அடிக்கவும் செய்கிறது.

மண் செல்லாத இடங்களும் உண்டு. பிட்ஜியின் ‘கீன் ஐ’ என்னும் கூர்ந்த பார்வை, தான் பிறருக்குச் செய்வதைத் தனக்குச் செய்யவிடாது. ‘சுவிஃப்ட்’, ‘ஏரியல் ஏஸ்’ போன்ற அடிகளுக்குக் குறி என்ற கணக்கே கிடையாது. ‘மேஜிக் பவுன்ஸ்’ குணம் பெற்ற எஸ்பியான் நாம் தூவிய மண்ணை நம் கண்ணிலேயே திருப்பி எறிந்துவிடும். எல்லாவற்றிலும் அபாயமானது ‘டிஃபையன்ட்’ குணம் வாய்ந்த பிஷார்ப். அதன் எந்தத் திறனை நாம் குறைத்தாலும் அது சீறி, தன் தாக்கும் வலுவை இரு மடங்காக்கிக்கொள்ளும். எதிரே நிற்பது யார் என்று அறியாமல் மண்ணை அள்ளுவது அவிவேகம்.

இந்தப் பிரயோகம் நியாயமானதா என்ற கேள்வியும் ஆட்டக்காரர்களிடையே இருக்கிறது. தன் உருவத்தைப் பலவாகக் காட்டி எதிரியின் அடிக்குத் தப்பும் ‘டபுள் டீம்’, உடலைச் சுருக்கிக்கொள்ளும் ‘மினிமைஸ்’ ஆகியவற்றை இணையத்து ஆட்டச் சமூகங்கள் பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கின்றன. அவற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தப்பும் திறனை வளர்த்துக்கொண்டவனுக்கு எதிரே எந்த வீரனை மாற்றி இறக்கினாலும் அந்தத் திறன் அப்படியே நிற்கும். மண்ணுக்கோ, ஒரு முறையை விலையாகக் கொடுத்தால் எதிராளி எப்போதும் விடுதலை பெறலாம். மாற்று வழியை எதிராளியின் கையிலேயே விட்டு வைக்கும் யுக்தியை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும், குறி தப்புவதையே நம்பி ஆடுவதை என் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுப்பதில்லை. சதுரங்கத்தில் தோற்றவன் மறுபடி காய்களை அடுக்கிப் பார்த்தால், எந்த நகர்த்தலில் பிசகினான் என்பது தெரியவரும். தோல்வியே அவனுக்கு ஆசான். எதிரியின் அடி நான்கு தரம் அடுத்தடுத்துத் தப்பியதனால் கிடைத்த வெற்றியை எத்தனை தரம் திரும்பப் பார்த்தாலும், ஜயித்தவனுக்கும் அதில் பாடம் இல்லை, தோற்றவனுக்கும் இல்லை. எதிராளியைப் பின்வாங்கச் செய்து பெற்ற வெற்றியிலோ ஒவ்வொரு முறைக்கும் காரணம் சொல்லலாம். அடுத்த ஆட்டத்தில் அந்தக் காரணத்தை மறுபடி பிரயோகிக்கலாம். ஆகவே மண்ணை எடுக்குமுன் இரண்டு கேள்விகள்: இன்னும் எத்தனை அடி தாங்குவேன்? எதிரி விலகிப் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? இரண்டுக்கும் விடை தெரிந்தவன் தாராளமாகத் தூவட்டும். அடிகள் ஒன்றுகூடத் தப்பாமல் அவன் தோற்க நேர்ந்தாலும், சரியாக ஆடினான் என்றே நான் சொல்வேன்.