ஏழாம் பருவம்

மனித வளர்ச்சி என்று சொன்ன மாத்திரத்தில் தவழும் குழந்தையும் அரும்பு மீசைப் பிள்ளையுமே நம் மனக்கண்முன் தோன்றுகிறார்கள். நாற்பதைக் கடந்தவனுக்கு இனித் தேய்வுதானே உண்டு, வளர்ச்சி ஏது என்பது உலக வழக்கம். ஆயினும் அந்தப் பிராயத்திற்குப் பின் என்னை வந்தடைந்த பொறுப்புகள், இளமையில் கற்ற கல்வியைக் காட்டிலும் என் சுபாவத்தை ஆழமாக மாற்றியிருப்பதை நான் உணர்கிறேன். ஆகையினாலேயே எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரிடம் எனக்கு அத்தனை பற்று.

1902-ல் ஜெர்மனியில் பிறந்து, வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயின்று, 1933-ல் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1950-ல் வெளியிட்ட நூலில், ஜனனம் முதல் மரணம் வரையுள்ள ஆயுளை எட்டுப் பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஓர் அகப்போராட்டத்தைச் சுட்டிக்காட்டினார். கைக்குழந்தைக்கு உலகை நம்பலாமா என்பதும், குமரப் பருவத்தினருக்குத் தாம் யார் என்பதும் பிரச்சினை. ஏழாவதாகிய நடுவயதிலோ, பின்வரும் தலைமுறையைப் பேணி ஆளாக்கும் வேட்கையும், தன்னலத்துக்குள்ளேயே தேங்கிக் கிடக்கும் சோர்வும் ஒன்றோடொன்று மல்லாடுகின்றன.

வாழ்க்கைப் பருவங்களைக் குறித்த கருத்தரங்கு ஒன்றை நடத்த 1962-ல் அகமதாபாத்துக்கு வந்த எரிக்சனின் சிந்தையை, அந்நகரில் 1918-ல் நடந்த மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் கவர்ந்தது. முதலாளிகள் தர முன்வந்த கூலி உயர்வு நூற்றுக்கு 20. தொழிலாளர் கேட்டதோ 35. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா. தொழிலாளரின் உறுதி தளர்ந்தபொழுது உண்ணாவிரதம் பூண்ட காந்திக்கு அப்பொழுது 48 பிராயம். இளமையில் தம்மைத் தேடி அலைந்த ஒருவர், நடுவயதில் ஆயிரமாயிரம் அந்நியருக்குத் தந்தையாகிவிட்ட அந்த விந்தையையே எரிக்சன் 1969-ல் 'காந்தியின் சத்தியம்' என்ற நூலாக விரித்தெழுதினார்.

அந்நூலின் நடுவே, காலஞ்சென்ற மகாத்மாவை நேரில் விளித்து அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஊராருக்கெல்லாம் அகிம்சையைப் போதித்தவர், தம் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் காட்டிய கடுமையில் ஹிம்சையின் சாயல் இல்லையா என்று அதில் அவர் கேட்கிறார். இதை அபசாரம் என்று கருதுவோர் இருக்கலாம். எனக்கோ, பூஜிப்பதைக் காட்டிலும் உயர்ந்த மரியாதையாக அது தோன்றுகிறது. ஏனெனில், உலகத்தைப் பேணப் புறப்பட்டவன் தன் வீட்டு வாசலில் நிற்கும் மகனைக் காணத் தவறுவது, மகான்களுக்கு மட்டுமே நேரும் ஆபத்து அன்று. பள்ளிக்கூடமோ சங்கமோ நடத்தும் எந்த நடுவயதினருக்கும் அது நேரலாம்.