காரி ஏறிய காரி

கல்வராயன் மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் கேட்பார்கள். மேகம் அருவியில் தண்ணீர் விழுகிறதா? கரியாலூரில் படகு ஓடுகிறதா? போன கோடையில் கூட வந்த நண்பரின் மகன் புதிதாக ஒன்று கேட்டான்: "இங்க குதிரை சவாரி கிடையாதா மாமா?" கொடைக்கானல் ஏரிக்கரை நினைப்பு அவனுக்கு. கிடையாது என்றதும் முகம் வாடிவிட்டது.

சவாரிக்கு இல்லாவிட்டாலும் சொல்வதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு குதிரை உண்டு. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். கொல்லிமலை ஓரியின் குதிரைக்கோ ஓரி என்று பெயர். காரி மேல் காரியும் ஓரி மேல் ஓரியுமாக மோதிய செய்தி சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. ஓரி மாண்டான், கொல்லி சேரன் கைக்குப் போயிற்று. "ரேஸ் வெச்சிருந்தா எந்தக் குதிரை ஜெயிச்சிருக்கும்?" என்றான் பையன். புலவர்கள் அதை எழுதாமல் விட்டது குறைதான்.

பந்தயம் என்றால் நமக்குக் கிண்டிதான். அது வெள்ளைக்காரன் போட்ட ஓடுகளம். ஒழிக்கச் சட்டம் வந்தது 1974இல். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். வாடகை பாக்கிக்காக அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது 2024இல். அந்தக் கதையில் குதிரையை விடப் பணம்தான் அதிகம் ஓடியது.

எங்கள் பக்கத்துக் குதிரைப் பெருமை வேறு. தமிழ் மண் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதல்ல. நல்ல குதிரை கப்பலில்தான் வந்து இறங்கியது. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று மார்கோ போலோ எழுதிவைத்தார். அவ்வளவு அருமையான பொருளைத்தான் காரி இரவலர்களுக்கு எடுத்துக் கொடுத்தான். பக்கத்துச் செஞ்சியில் தேசிங்கு 1714இல் போரில் இறந்தான். ஆண்டது சில மாதங்கள்தான் என்றாலும் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியவன் என்பதால் கதைப்பாடலில் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு நிற்கும் சுடுமண் குதிரைகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று நாலு மட்டக்குதிரைகளை மலைமேல் ஏற்றிவிட வேண்டாம். வெயிலில் ஆள் சுமந்தே அவை நொந்துபோகும். இருப்பதைக் காட்டினாலே போதும். திருக்கோவலூர் ஆற்றில் சங்கப் புலவர் கபிலரின் பெயரால் கபிலர் குன்று இருக்கிறது. வள்ளல் பாரியின் மகளை மலையமான் குலத்தவனுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட செய்தியை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. குன்றருகே காரியையும் அவன் குதிரையையும் பற்றி நாலு வரி எழுதிய பலகை ஒன்று வைக்கலாம். பக்கத்தில் வேளார் ஒருவர் கையால் செய்த மண்குதிரை நின்றால் அவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

சென்னையிலிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்புகிறவர்கள் அடுத்த முறை விழுப்புரத்தில் பிரிந்து திருக்கோவலூர் வழியாக வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.