ஆணி அடிக்க ஒரு சுவர்

வீட்டை அலங்கரிப்பது பணக்காரர் சமாச்சாரம், நம்ம போராட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம்ம வீட்டுக்குள்ளே எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று ரொம்ப காலமாக மற்றவன்தான் தீர்மானித்து வந்தான்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்பு போடாதே. அதோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்காதே. அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிட்டான் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த போலீஸ் டிவி, மின்விசிறி என்று வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி வீடுகளைக் கொளுத்தினார்கள். பீரோவும் வண்டியும் சேர்ந்து எரிந்தன. நம்ம வீட்டில் நல்ல பொருள் இருப்பதையே அவனால் பொறுக்க முடியவில்லை.

எங்க செங்கல்பட்டுச் சீமையில் சுவருக்கு முன்னால் மனையே தகராறு. 1891இல் இந்த ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரர் தயவில் கிடந்ததை அதில் சொன்னார். அதற்கப்புறம் 1892இல் வந்த உத்தரவிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்ற பேச்சே பிறந்தது. எந்த நேரமும் கிளம்பு என்று சொல்லக்கூடிய குடிசையில் எவள் கோலமும் சித்திரமும் எழுதுவாள்?

எங்கம்மா எழுதினாள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்க காலனி. கூரை வீட்டு மண்சுவரைச் சாணி போட்டு மெழுகி, கீழே செம்மண் பட்டை அடித்து, மேலே சுண்ணாம்பைத் தொட்டு விரலாலே புள்ளி வைப்பாள். அப்புறம் கவர்மெண்டு தொகுப்பு வீடு வந்தது. எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. ஆறு மாசத்தில் தெருவே மாறிப்போச்சு. ஒருத்தர் வீடு கிளிப்பச்சை, ஒருத்தர் வீடு ரோஸ், எங்க வீடு நீலம். "இன்னாடி இது, சர்க்கஸ் கொட்டா மாதிரி" என்று ஊர்த்தெரு ஆள் ஒருத்தர் சிரித்தார். "சொவுரு எங்களுது. ஒங்க கண்ணு நோவுதுன்னா வேற பக்கம் பாத்துகினு போங்க" என்றாள் அம்மா.

பிறகு கம்பெனிகள் வந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் செய்ய ஆரம்பித்தது. வயல் இருந்த இடமெல்லாம் வாடகை வீடு. கல்யாணமான புதுசில் நாங்களும் அப்படி ஒரு போர்ஷனில் இருந்தோம். "சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது" என்றார் வீட்டுக்காரர். சரி, சுவர் அவருடையது. ஆனால் பக்கத்துப் போர்ஷனில் பெருமாள் படம் ஆணியில்தான் தொங்கியது. நாங்க அம்பேத்கர் படத்தைப் பீரோ மேல் சாய்த்து வைத்தோம். ஒருநாள் வாடகை வாங்க வந்தவர் அதைப் பார்த்தார். அடுத்த மாசம், பையனுக்கு வீடு வேணும், காலி பண்ணுங்க என்றார். எங்க சாதியை அவர் கேட்கவே இல்லை. படமே சொல்லிவிட்டது.

இப்போ காலனி வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டுகிறோம். தம்பி ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். "லைட் கலர் அடிக்கலாம்க்கா. படத்த உள்ரூம்ல மாட்டிக்கலாம். கூட வேலை செய்றவங்க வருவாங்க, தெரிஞ்சிடும்" என்கிறான். அவன் பயம் பொய்யில்லை. மறுநாள் காலையில் அவர்கள் நடுவில்தான் அவன் நிற்கணும். ஆனாலும் கேட்கிறேன், லைட் கலர் யாருடைய ரசனை? பூஜை அறை, கொலு, வாசலில் மாவிலைத் தோரணம் எல்லாம் அலங்காரமாம். நம்ம படம் ஒன்றுதான் சாதியாம்.

பாபாசாகேப் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டினார். தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று கட்டிய வீடு அது. தீண்டக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டவர், தனக்கு எது பிடிக்குமோ அதைக்கொண்டு வீட்டை நிரப்பினார். நமக்கும் அவ்வளவு போதும்.

தம்பியிடம் சொன்னேன்: "ஒன் ரூமுக்கு நீ எந்தக் கலர் வேணாலும் அடிச்சுக்கோ. ஹாலு அம்மாவோடது, அவளக் கேளு." அம்மா யோசிக்கவே இல்லை. "கதவத் தொறந்தா மொதல்ல அவருதாண்டா தெரியணும்" என்றாள். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. சுவருக்குப் பட்டி பார்த்து முடிந்துவிட்டது. பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருகிறார்.